எவர்சில்வர் டைனரில் இரண்டு முட்டை

நியூ ஜெர்சி நெடுஞ்சாலை ஓரமாக ஒரு வெள்ளிநிற ரயில் பெட்டி வெயிலில் மின்னிக்கொண்டு தனியாக நின்றால், அது ரயில் பெட்டி இல்லை, சாப்பாட்டுக் கடை. டைனர் என்பார்கள். உலகத்தின் டைனர் தலைநகரமே நாங்கள்தான் என்று இந்த மாநிலத்துக்காரர்களுக்கு ஒரு பெருமை உண்டு. நியூ ஜெர்சியை எதற்கெடுத்தாலும் கிண்டல் செய்யும் பக்கத்து நியூயார்க்காரர்கள்கூட இந்த ஒரு விஷயத்தில் வாயைத் திறப்பதில்லை. கிளிஃப்டனில், ரூட் 3 ஓரத்தில் டிக் டாக் டைனர் என்று ஒன்று இருக்கிறது. அதன் உச்சியில் இருக்கும் பெரிய கடிகாரத்தோடு ‘ஈட் ஹெவி’ என்று நியானில் எழுதி வைத்திருக்கிறார்கள். வயிறு முட்டத் தின்னு என்று கூரையிலிருந்தே கட்டளை போடும் கடையை வேறு எங்கும் நான் பார்த்ததில்லை.

டைனரில் இரண்டு ரகம். 1930, 40, 50களில் தொழிற்சாலையில் செய்து கொண்டுவந்து இறக்கியவை ஒரு ரகம். அந்தக் காலம் மாதிரியே தெரிய வேண்டும் என்று பிற்பாடு கட்டியவை இன்னொரு ரகம். ரெட்ரோ என்று பெயர் வாங்கியிருப்பது இந்த இரண்டாவதுதான். திருச்சியிலிருந்து அப்பாவும் அம்மாவும் வந்திருந்தபோது நான் முதலில் கூட்டிப்போனதும் இந்த ரகத்துக்குத்தான். ஞாயிற்றுக்கிழமை காலை, பார்க்கிங்கில் இடம் கிடைப்பதே பெரும்பாடு.

அப்பா உள்ளே வரவில்லை. பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலைக்காலம் முழுக்கப் பெட்டிகளோடு மாரடித்தவர். வெளியே நின்று கடையைச் சுற்றிச் சுற்றி வந்தார். தகட்டில் விரலால் தட்டிப் பார்த்தார். குனிந்து அடியில் எட்டிப் பார்த்தார்.

“சக்கரம் இல்ல, சரி. சக்கரம் மாட்டுற போகியக் கழட்டிட்டாங்கன்னே வெச்சுக்குவோம். அண்டர்ஃப்ரேம் எங்கம்மா? பஃபர் இருந்த தடமே இல்லையே. இது பெட்டியே கிடையாது.”

“பெட்டின்னு யாருப்பா சொன்னா?”

“பின்ன எதுக்கு இந்த வேஷம்?”

அமெரிக்கப் பெட்டிகளுக்கு நம்மூர் மாதிரி பக்கத்துக்கு ஒரு பஃபர் கிடையாது என்பது வேறு கதை. ஆனால் அவர் கேட்ட கேள்வி சரியான கேள்வி. பழைய ரயில் பெட்டியைத்தான் கடையாக மாற்றிவிட்டார்கள் என்று இங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள்கூட நம்பிக்கொண்டிருக்கிறார்கள். ஓய்வுபெற்ற டிராம் வண்டிகளை வாங்கிச் சிலர் கடை போட்டது உண்மைதான். பெரும்பாலான டைனர்கள் தண்டவாளத்தைத் தொட்டதே இல்லை.

இதன் பூர்வீகம் தள்ளுவண்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது. 1872இல் ரோட் ஐலண்ட் மாநிலத்துப் பிராவிடன்ஸ் நகரத்தில் வால்டர் ஸ்காட் என்பவர் ஒரு குதிரை வண்டியைச் செய்தித்தாள் அலுவலகத்துக்கு எதிரே கொண்டுபோய் நிறுத்தினார். ராத்திரி எட்டு மணிக்கு மேல் ஊரில் எந்த ஓட்டலும் திறந்திருக்காத காலம். அச்சகத்து ஆட்கள் வண்டி ஜன்னலில் ரொட்டியும் அவித்த முட்டையும் காபியும் வாங்கி, தெருவில் நின்றபடியே சாப்பிட்டார்கள். நம்மூர் கையேந்தி பவனேதான். 1887இல் மாசச்சூசெட்ஸில் இருக்கும் வூஸ்டரில் சாமுவேல் ஜோன்ஸ் என்பவர் வண்டிக்குள்ளேயே ஆள் ஏறி நின்று சாப்பிட வழி செய்தார். பனி கொட்டும் ஊரில் அதற்கு எவ்வளவு மரியாதை இருந்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் வண்டி பெரிதானது, ஓடுவதை நிறுத்தியது, சக்கரம் போனது. செய்து விற்பதற்கென்றே கம்பெனிகள் வந்தன. வூஸ்டர் லஞ்ச் கார் கம்பெனி 1906இல் தொடங்கி, தன் வண்டிகளுக்கு 200 என்ற எண்ணிலிருந்து வரிசை எண் போட்டு 850 வரைக்கும் போனது. முதல் வண்டிக்கு 200 என்று போட்டால் ஏற்கெனவே நிறைய செய்த கம்பெனி மாதிரி தெரியுமே! நியூ ஜெர்சியில் எலிசபெத் நகரத்தில் ஜெரி ஓமஹோனி, பேட்டர்சனில் ‘சில்க் சிட்டி’, புளூம்ஃபீல்டில் ஃபொடேரோ, இன்னும் கல்மன் என்று ஒரு பட்டாளமே இருந்தது. தரை ஓடு, கவுண்டர், முக்காலி, அடுப்பு எல்லாவற்றையும் தொழிற்சாலையிலேயே பொருத்தி, முழுக் கடையாக ரயிலிலோ லாரியிலோ ஏற்றி அனுப்புவார்கள். தண்ணீர்க் குழாயும் மின்சாரமும் இணைத்துவிட்டால் வியாபாரம் தொடங்கிவிடலாம். சாலையில் ஏற்றிப் போக வேண்டும் என்பதால் அகலம் குறைவு, நீளம் அதிகம். பெட்டிச் சாயல் முதலில் வந்தது இப்படித்தான். 1934இல் பிலடெல்பியாவின் பட் கம்பெனி செய்த பர்லிங்டன் ஸெஃபர் என்ற எவர்சில்வர் ரயில் நாட்டையே வாய் பிளக்க வைத்தபோது, டைனர் செய்கிறவர்களும் வளைந்த மூலை, நெளிவரித் தகடு, நியான் என்று அந்த வழியில் இறங்கிவிட்டார்கள்.

இதை அப்பாவிடம் சொன்னதும், “அப்ப ரயிலப் பாத்துக் காப்பி அடிச்சவனப் பாத்து இவன் காப்பி அடிச்சிருக்கான்” என்றார். இதைவிடச் சுருக்கமாக என்னால் சொல்ல முடியாது.

உள்ளே போனால் கண்ணைப் பறிக்கும். தரையில் கறுப்பு வெள்ளைக் கட்டம். சிவப்பு ரெக்ஸின் இருக்கைகள். மேஜைக்கு அப்பா சொல்கிற பெயர் சன்மைக்கா, இங்கே ஃபார்மைக்கா. சுற்றிலும் வரிவரியாக எவர்சில்வர்ப் பட்டை. சுவரில் மர்லின் மன்றோ, எல்விஸ் பிரெஸ்லி, கோகோ கோலா தட்டு. ஒவ்வொரு மேஜையிலும் சுவரை ஒட்டி ஒரு சின்ன ஜூக்பாக்ஸ்.

இந்த ஜூக்பாக்ஸைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சீபர்க் கம்பெனியின் வால்-ஓ-மேட்டிக் என்ற பெட்டிதான் பழைய டைனர்களில் பிரபலம். அதற்குள் இசைத்தட்டு எதுவும் கிடையாது. காசைப் போட்டு எழுத்தையும் எண்ணையும் அழுத்தினால், அது கம்பி வழியாகத் துடிப்புகளை அனுப்பும். கடையின் மூலையில் நிற்கும் பெரிய இயந்திரம் அவற்றை எண்ணிப் பார்த்து அந்தத் தட்டை எடுத்து வைக்கும். 1948இல் சீபர்க் கொண்டுவந்த இயந்திரம் ஐம்பது தட்டுகளின் இரண்டு பக்கத்தையும் வாசித்து நூறு பாட்டுப் பாடியது. கணினி வீட்டுக்கு வராத காலத்தில் இது சாதாரண விஷயமா? நாங்கள் உட்கார்ந்த மேஜையில் இருந்த பெட்டிக்கு விளக்கு மட்டும்தான் எரிந்தது. பாட்டு கூரையில் இருந்த ஸ்பீக்கரிலிருந்து தானாக வந்துகொண்டிருந்தது. அப்பா பெட்டியின் பின்பக்கம் விரலை விட்டு, கம்பி எதுவும் இல்லை என்பதை உறுதி செய்துகொண்டார்.

எனக்கு இதில் வருத்தமில்லை, வேடிக்கைதான். ஏனென்றால் 1950இல் டைனர் வைத்திருந்த யாரும் பழமையை விற்கவில்லை. எவர்சில்வர், ஃபார்மைக்கா, நியான் எல்லாம் அன்றைக்கு நவீனமாகத் தெரிந்த சரக்கு. ராக்கெட் யுகம் வந்துவிட்டது என்று காட்டத்தான் அந்தப் பளபளப்பு. மெக்டொனால்ட்ஸ் வகையறாக்கள் வந்து வாடிக்கையாளர்களைக் கொண்டுபோனதும், 60களிலும் 70களிலும் இதே டைனர்காரர்கள் வெட்கப்பட்டுக்கொண்டு எவர்சில்வர் மேல் செங்கல் ஒட்டினார்கள், சரிவுக் கூரை வைத்தார்கள், மத்தியதரைக்கடல் வளைவு கட்டினார்கள். குடும்பத்தோடு வரும் கௌரவமான உணவகமாகத் தெரிய வேண்டுமாம். அதனால்தான் இன்று நிஜமாகவே பழைய டைனர் பலவற்றைப் பார்த்தால் பழையது என்றே சொல்ல மாட்டீர்கள். பிறகு 80களில் காற்று திரும்பியது. சிகாகோவில் 1984இல் எட் டெபெவிக்ஸ், லாஸ் ஏஞ்சலஸில் 1986இல் ஜானி ராக்கெட்ஸ், மேரிலாண்டில் 1989இல் சில்வர் டைனர் என்று வரிசையாக வந்தன. இவை எல்லாம் புதிதாகப் பிறந்த பழையவை. இவற்றைப் பார்த்து, ஒட்டிய செங்கல்லைப் பிய்த்துப் போட்டுவிட்டு மறுபடி எவர்சில்வர் அடித்துக்கொண்ட அசல் டைனர்களும் உண்டு.

சரி, சாப்பாட்டுக்கு வருவோம்.

மெனு அட்டை ஒரு கல்யாண ஆல்பத்தின் கனம் இருந்தது. காலைச் சாப்பாடு எந்நேரமும் கிடைக்கும் என்று முதல் பக்கத்திலேயே போட்டிருந்தது. பரிமாற வந்தவருக்கு அறுபது வயது இருக்கும். காபியைக் கேட்காமலேயே ஊற்றிவிட்டு, “முட்டை எப்படி வேணும் ஹன்?” என்றார். என் அப்பாவை ‘கண்ணு’ என்று கூப்பிட்ட முதல் வெளியாள் அவராகத்தான் இருக்க வேண்டும். அம்மா மெனு அட்டைக்குப் பின்னால் சிரித்துக்கொண்டிருந்தார்.

முட்டை விஷயத்தில் நம்மூர்க்காரர்கள் பயப்படவே வேண்டாம். சன்னி சைட் அப் என்றால் நம்ம ஆஃப் பாயில், மிளகுத் தூள் மட்டும் நாமே போட்டுக்கொள்ள வேண்டும். ஓவர் ஹார்ட் என்றால் ஃபுல் பாயில். இரண்டுக்கும் நடுவில் ஓவர் ஈஸி: திருப்பிப் போட்டு, மஞ்சள்கரு கெட்டியாவதற்கு முன்னால் எடுத்துவிடுவது. கலக்கிக்கு மட்டும் இங்கே ஈடு இல்லை. ஸ்க்ராம்பிள்டு என்று கேட்டால் வருவது உதிரி உதிரியான, சாதுவான வேறொரு பொருள்.

அப்பா ஓவர் ஈஸி சொன்னார். சொல்லிவிட்டு எழுந்து போய்க் கவுண்டர் முக்காலியில் உட்கார்ந்துவிட்டார், சமையல்காரரைப் பார்க்க. நானும் போனேன். டைனருக்குப் போகிறவர்களுக்கு நான் சொல்லும் யோசனை இது ஒன்றுதான்: இடம் கிடைத்தால் கவுண்டரில் உட்காருங்கள்.

ஆள் உயரத்துக்கு நீளமான ஒரே இரும்புக் கல். ஒரு தோசை மாஸ்டர் கல்லை எப்படித் தெரிந்து வைத்திருப்பாரோ, அப்படித்தான் அவரும் அதைத் தெரிந்து வைத்திருந்தார். எந்த மூலையில் எவ்வளவு சூடு என்று பார்க்காமலேயே கை போனது. இடது ஓரத்தில் ஏற்கெனவே அவித்து நறுக்கிய உருளைக்கிழங்கு வெங்காயத்தோடு ஒரு குவியலாக மெதுவாகச் சிவந்துகொண்டிருந்தது. நடுவில் பேகன் என்ற பன்றி இறைச்சித் துண்டுகள், சுருண்டுகொள்ளாமல் இருக்க மேலே ஒரு கனமான இரும்புப் பலகை. வலதுபக்கம் சூடு குறைவு, அங்கே முட்டையும் பேன்கேக்கும். ஒரு கையில் ஒரு முட்டையாக, இரண்டு கையிலும் ஒரே நேரத்தில் கல் விளிம்பில் தட்டி உடைத்து ஊற்றினார். வெள்ளைக்கரு ஓரம் வெளுத்ததும் அகலத் திருப்பியை அடியில் செருகி, தூக்கிப் போடாமல், மணிக்கட்டை மட்டும் சாய்த்துப் படுக்க வைத்தார். மனதுக்குள் எண்ணியிருப்பார் போல. உடனே தட்டுக்கு வந்துவிட்டது. இன்னொருவருக்குப் போட்ட ஜோடியில் ஒன்றின் மஞ்சள்கரு உடைந்தது. முகம் மாறாமல் அதைத் தள்ளிவிட்டு, புதிதாக ஒன்றை உடைத்தார். உடைந்தது அடுத்த ஆளின் சாண்ட்விச்சுக்குள் போனது. நடுநடுவே கல்லைச் சுரண்டி, கசடை முன்பக்கக் குழிக்குள் தள்ளிக்கொண்டே இருந்தார். ரொட்டிக்கு வெண்ணெய் தடவியது கத்தியால் இல்லை, உருக்கிய வெண்ணெயில் முக்கிய பிரஷ்ஷால். சுவர் சுண்ணாம்பு அடிக்கிற வேகம்.

இந்த வேலையில் ரெட்ரோ எதுவும் இல்லை. மேஜையில் இருந்த ஜூக்பாக்ஸ் பொய், இந்தக் கல் நிஜம். அப்பா அவர் கையை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை.

அம்மாவின் பாடுதான் திண்டாட்டம். முட்டையும் சாப்பிடாத சைவம். பேன்கேக் மாவில் முட்டை. உருளைக்கிழங்கில் பேகன் கொழுப்பு கலந்துவிடும், ஒரே கல்தானே. டைனருக்குச் சைவக்காரர்களைக் கூட்டிப்போகிறவர்கள் இதை முன்கூட்டியே யோசித்துக்கொள்ளுங்கள்: ரொட்டி, பழம், ஓட்ஸ் இவ்வளவுதான் மிச்சம். அம்மாவுக்கு ஓட்ஸ் வந்தது. மேலே நாலு திராட்சை, பக்கத்தில் பழுப்புச் சர்க்கரை.

“இந்தக் கஞ்சிக்கு எட்டு டாலரா? காய்ச்சல்காரனுக்குக் குடுக்கறது இது.”

சொன்னாரே ஒழிய, கிண்ணத்தைக் காலி செய்துவிட்டார். காபியை மட்டும் இருவருமே மன்னிக்கவில்லை. டிகாக்ஷனைக் கழுவிய தண்ணீர் என்பது அம்மாவின் தீர்ப்பு. ஆனால் அந்தக் கோப்பையை அப்பாவுக்குப் பிடித்துவிட்டது. தடிமனான சுவர், கையில் கனம், சூடு சீக்கிரம் இறங்காது. இந்த மாதிரிக் கோப்பையைப் பேர்போனதாக்கியது நியூயார்க் மாநிலத்தின் விக்டர் இன்சுலேட்டர்ஸ். மின்கம்பத்தில் மாட்டும் பீங்கான் செய்கிற கம்பெனி. இரண்டாம் உலகப் போரில் ராணுவத்துக்கு உடையாத கோப்பை செய்து கொடுத்தார்கள். “அதானே, இன்சுலேட்டர் கணக்கா இருக்கேன்னு பாத்தேன்” என்றார் அப்பா.

சுவரில் இருந்த 1950களின் படங்களை அம்மா ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தார். “எல்லாருமே வெள்ளைக்காரங்களா இருக்காங்க” என்றார். குறையாகச் சொல்லவில்லை, கண்ணில் பட்டதைச் சொன்னார்.

அது தற்செயல் இல்லை. 1955 ஆகஸ்டில் அமெரிக்காவுக்கான இந்தியத் தூதர் ஜி.எல். மேத்தா ஹூஸ்டன் விமான நிலைய உணவகத்தில் உட்கார்ந்தார். அவரையும் செயலாளரையும் எழுப்பி, வெள்ளையரல்லாதவர்களுக்கான தனி இடத்துக்குப் போகச் சொன்னார்கள். அமெரிக்க வெளியுறவு அமைச்சர் டல்லஸ் வருத்தம் தெரிவிக்கும் அளவுக்கு அது போனது. தெற்கில்தானே அப்படி என்று நினைக்க வேண்டாம். எங்கள் மாநிலத்திலிருந்து டெலவேர் மெமோரியல் பாலம் தாண்டினால் ரூட் 40 மேரிலாண்டுக்குள் போகிறது. 1961இல் சாட் நாட்டுத் தூதர் ஆடம் மாலிக் சோ, கென்னடியிடம் நியமனப் பத்திரம் கொடுக்க நியூயார்க்கிலிருந்து அந்தச் சாலையில் வாஷிங்டன் போனார். வழியில் காபி குடிக்க ஒரு டைனரில் நிறுத்தினார். தர மறுத்துவிட்டார்கள். ஆப்பிரிக்கத் தூதர்களுக்குத் தொடர்ந்து இப்படி நடக்க, வெள்ளை மாளிகையே அந்தச் சாலையோரக் கடைக்காரர்களிடம் கெஞ்சும் நிலை வந்தது. எந்த நிறத்தவரும் எந்த ஓட்டலிலும் உட்காரலாம் என்று நாடு முழுக்கச் சட்டம் வந்தது 1964இல்.

அந்தக் காலத்தில் இந்தியாவிலிருந்து குடியேற வருஷத்துக்கு ஒதுக்கியிருந்த இடம் நூறு. 1946இல் போட்ட சட்டம் அது, 1965இல்தான் மாற்றினார்கள். எங்களைப் போன்றவர்கள் எடிசன் ஊரில் கோயில் கட்டி, பள்ளி நடத்தி, வாரக் கடைசியில் டைனரில் வரிசையில் நிற்பதெல்லாம் அதற்குப் பிறகு வந்தது. ஆகவே சுவரில் மாட்டியிருக்கும் ‘பொற்காலம்’ எனக்கு யாரோ ஒருவர் வீட்டுக் கல்யாண போட்டோ. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது.

அதற்காகப் போகாமல் இருக்கிறேனா? இல்லை. ஏனென்றால் டைனர் அந்தச் சுவரில் இல்லை. எங்கள் பக்கத்து டைனர்களில் நிறைய கிரேக்கக் குடும்பங்கள் நடத்துபவை. மெனுவில் பேன்கேக்குக்கு இரண்டு பக்கம் தள்ளி ஸ்பனகோபிட்டா என்ற கிரேக்கக் கீரைப் பண்டம் இருப்பது அதனால்தான். கல்லுக்கு முன்னால் நிற்கிறவர் பல கடைகளில் மெக்சிகோவிலிருந்தோ குவாதமாலாவிலிருந்தோ வந்தவர். கவுண்டரில் பக்கத்து முக்காலிக்காரர் லாரி ஓட்டுநராக இருக்கலாம், ராத்திரி ஷிஃப்ட் முடித்த நர்ஸாக இருக்கலாம். முன்பு விடிய விடியத் திறந்திருந்த பல டைனர்கள் கோவிட்டுக்குப் பிறகு ராத்திரி பத்துக்கே பூட்டிவிடுகின்றன. ஜூக்பாக்ஸ் பாடாததைவிட எனக்கு அதுதான் பெரிய இழப்பாகப் படுகிறது. ராத்திரி வேலைக்காரர்களுக்காகத் தொடங்கிய கடை அல்லவா.

பில் வந்ததும் டிப்ஸ் பற்றி அப்பாவோடு ஒரு வாக்குவாதம். இருபது சதவீதமா என்று கண்ணை விரித்தார். டிப்ஸ் வாங்கும் ஊழியருக்கு முதலாளி தர வேண்டிய குறைந்தபட்சக் கூலி மத்தியச் சட்டப்படி மணிக்கு 2 டாலர் 13 சென்ட் என்றும், 1991இலிருந்து அது ஏறவே இல்லை என்றும், நியூ ஜெர்சியில் கொஞ்சம் கூடுதல் என்றாலும் மீதியெல்லாம் மேஜையில் நாம் வைப்பதுதான் என்றும் சொன்னேன். தொழிற்சங்கத்தில் இருந்தவர், அடுத்த நிமிஷம் இன்னும் இரண்டு டாலரை எடுத்துக் கோப்பைக்கு அடியில் வைத்தார்.

அசலைக் காட்டாமல் விடக் கூடாது என்று, அடுத்து சம்மிட் ஊருக்குக் கூட்டிப்போனேன். ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே சம்மிட் டைனர், ஓமஹோனி கம்பெனி 1938இல் செய்தது. வளைவுக் கூரை, மரச் சட்டம், தேய்ந்த கவுண்டர். டெய்லர் ஹாம், முட்டை, சீஸ் வைத்த சாண்ட்விச்சுக்குப் பேர்போனது. அந்தப் பன்றி இறைச்சியை வடக்கு ஜெர்சிக்காரர்கள் டெய்லர் ஹாம் என்றும் தெற்கு ஜெர்சிக்காரர்கள் போர்க் ரோல் என்றும் சொல்லி, அதற்காகவே தலைமுறை தலைமுறையாகச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். அப்பா வாசலிலேயே நின்று கூரையின் வளைவைப் பார்த்தார், இணைப்புகளைத் தடவினார், “இது வேலை” என்றார். எனக்கு ஒரே பெருமிதம்.

அரை மணி நேரம் நெருக்கி உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வெளியே வந்தோம். முழங்காலைத் தடவிக்கொண்டே சொன்னார்: “செஞ்சவன் கெட்டிக்காரன்மா. ஆனா அடுத்த தடவ அந்தப் பளபளாக் கடைக்கே போயிடுவோம். அங்க கால நீட்ட இடம் இருக்கு.”

“கஞ்சியும் சூடா இருந்துச்சு” என்றார் அம்மா.